காரணம்: அமைதி

ஜூலை 1, திங்கள்

ஒன்பதரை பஸ்ஸைத் தவறவிட்டதால் கருக்கம்பாளையம் வந்து சேரும்போது மதியம் ஆகிவிட்டது. பல்லடத்துக்கு அந்தப் பக்கம், விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். அரிசி மண்டிக்கு மேலே அறை. மூன்று வாரம் இங்கேதான்.

வேலை இதுதான்: ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர். இருபது பேர் தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், இருபது பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். கவனம், ஞாபகம், பொறுமை, திட்டமிடுதல் ஆகியவற்றைச் சோதித்து மதிப்பெண் போட வேண்டும். குடும்பத்தின் வருமானத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது வசுமதி மேடத்தின் ஆராய்ச்சி. நான் அவருடைய கள ஆய்வாளர். கையேட்டில் விதி 4: சோதனை நடக்கும் அறையில் 45 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது.

ஜன்னலைத் திறந்து அளவுக் கருவியை நீட்டினேன். 84. ஜன்னலை மூடினேன். 79.

போன் சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மனைவி இந்துமதி கூப்பிட்டு, "எடுத்து வைக்கச் சொல்லி மூணு தடவை சொன்னேன்" என்றாள். இரண்டு தடவைதான் சொன்னாள்.

ஜூலை 2, செவ்வாய்

தலைமையாசிரியர் குருநாதன் நல்ல மனிதர். வந்த காரியத்தைச் சொன்னேன். கவனித்து, பொறுத்து, திட்டமிட்டு நடக்கும் மனத்திறனுக்கு எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று மேடம் சொல்லிக் கொடுத்த பெயரையும் சொன்னேன்.

"ஃபங்ஷனுங்களா? எந்த மண்டபத்துலங்க சார்?"

விளக்கினேன். அமைதியான அறை வேண்டும் என்றதும் சத்துணவுப் பொருள் வைக்கும் அறையைத் திறந்துவிட்டார். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறிகள் ஓடுகின்றன. பருப்பு மூட்டைகள் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தன.

"சத்தமா இருக்குதுங்களே சார்" என்று கத்தினேன்.

அவர் காதைச் சாய்த்துச் சற்று நேரம் கவனித்தார். "என்ன சத்தமுங்க?"

ஞாயிற்றுக்கிழமை நிற்குமா என்று கேட்டேன். நிற்காதாம். ஆளுக்கொரு நாள் விடுமுறை, தறிக்கு இல்லை.

ஜூலை 3, புதன்

வசதியான வீட்டுப் பிள்ளைகளை முதலில் முடித்துவிடலாம் என்று தறி முதலாளி ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே, தோப்புக்கு நடுவே வீடு. மகன் ருத்விக்குக்குத் தனி அறை. ஏசி ஓடும்போது 38.

ருத்விக் ஏழு வயது. எல்லாம் சரியாகச் செய்தான். கடைசிச் சோதனையில் டம்ளருக்கு அடியில் ஒரு சாக்லேட்டை வைத்து, "மணி அடிக்கிற வரைக்கும் தொடாம இருந்தா ரெண்டாக் கிடைக்கும்" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஐந்து நிமிடமும் சிலைபோல இருந்தான். முழு மதிப்பெண் போட்டுவிட்டு இரண்டு சாக்லேட்டை நீட்டினேன்.

"எனக்கு இந்த பிராண்ட் புடிக்காது அங்கிள்" என்றான்.

அதை எழுதக் கையேட்டில் இடம் இல்லை.

இன்று சார்ஜர் கிடைத்தது. பையிலேயே இருந்தது.

ஜூலை 4, வியாழன்

அமைதியைத் தேடி ஊர் முழுக்க நடந்தேன். மாரியம்மன் கோயில் 77. கிராம நூலகம் 80, அதுவும் பூட்டியிருந்தது. சுடுகாட்டுக் கொட்டகை 62. அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக மனம் வரவில்லை. சோர்ந்துபோய்ப் பணம் எடுக்க ஏடிஎம்முக்குள் நுழைந்தேன். கண்ணாடிக் கதவு மூடியது. கருவியை எடுத்தேன். 43!

பத்தே நிமிடத்தில் பள்ளிக்கு ஓடி, பட்டியலில் முதல் பெயரைக் கேட்டேன். சுபிக்‌ஷா, மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. இரட்டைச் சடை. அப்பா சித்தையன் இரவு ஷிஃப்ட், அம்மா கலாமணி பகல் ஷிஃப்ட். சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்த கலாமணியே மகளை அழைத்து வந்து, ஏடிஎம் வாசலில் காவலுக்கு நின்றாள்.

எதிர்மாறாகச் செய்யும் விளையாட்டை ஆரம்பித்தேன். தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும், காலைத் தொடு என்றால் தலையை. சுபிக்‌ஷா ஒன்றுகூடத் தவறவில்லை. வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. முன்னால் நின்ற வேட்டிக்காரர் ஒருவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே தானும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

திடீரென்று மேலே இருந்த ஸ்பீக்கர் பேசியது. "அறைக்குள் இருப்பவர்கள் உடனே வெளியே செல்லவும்."

சுபிக்‌ஷா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"உடனே வெளியே செல்லவும். காவல்துறைக்குத் தகவல் தரப்படும்."

அவள் ஏசிக் குழாயையும் பிடித்துக்கொண்டாள். அவளை வெளியே கொண்டுவர விளையாட்டு முடிந்துவிட்டது என்று நான் நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது. அதையும் அவள் எதிர்மாறாக எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

பாதியில் நின்ற சோதனை செல்லாது. இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

வரும் செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை! காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை! ஊரே நிற்கும். ஒரே நாளில் தறி வீட்டுப் பிள்ளைகள் இருபது பேரையும் முடித்துவிடலாம். வசதியான வீட்டுப் பிள்ளைகளில் மிச்சமிருப்பவர்களை அதற்குள் அவரவர் வீட்டிலேயே முடித்துவிட வேண்டியது. பிள்ளைக்குப் பத்து நிமிடம். அட்டவணை போட்டு மேடத்துக்கு அனுப்பினேன். "குட் பிளானிங் பரணிதரன்" என்று பதில் வந்தது. இதுவரை பார்த்த ஐந்து வேலைகளிலும் யாரும் எனக்கு இப்படி எழுதியதில்லை.

இந்துமதியிடம் சொன்னேன். "அன்னிக்கு போனுக்கு சார்ஜ் எப்படிப் போடுவீங்க?" என்றாள். முந்தின நாளே போட்டு வைக்க வேண்டும். குறித்துக்கொண்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஒன்பது மணிக்கு நின்றது. ஒரே நொடியில், எல்லாத் தறியும். எனக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. பிறகுதான் இந்த ஊரில் இத்தனை காக்கைகள் இருப்பது தெரிந்தது.

அடுத்த நிமிடம் தறித் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் அத்தனையும் ஒன்றாக விழித்து அழ ஆரம்பித்தன. ஊர்க்காரர்கள் வழக்கம்போலவே கத்திப் பேசினார்கள். குருநாதன் சார் எனக்குக் காலை வணக்கம் சொன்னபோது கருவி 74 காட்டியது. அவரைக் கெஞ்சி வெளியே உட்கார வைத்தேன். சத்துணவு அறையில்தான் சோதனை; முடித்த பிள்ளை அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

முதலில் வந்த பையன் எண்களைத் தலைகீழாகச் சொல்லாமல், "தறி ஏனுங் சார் நின்னுருச்சு? எங்கம்மாளுக்கு அடிபட்டுருச்சுங்களா?" என்று அழுதான். இரண்டாவது பெண் அட்டைகளை நிறம் பார்த்துப் பிரிப்பதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். "வெளிய என்னமோ கத்துது சார்!" அது குயில். ஐந்தாவது பிள்ளை பேனா விழுந்த சத்தத்துக்குத் துள்ளி எழுந்தான். பத்தாவது பிள்ளையிலிருந்து யாருமே உள்ளே வர விரும்பவில்லை. தெரு முழுக்கப் பெரியவர்கள் பகல் வெளிச்சத்தில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ கோழி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நேரம் சரிந்துகொண்டே போனது. பதினொன்றுக்கு வர வேண்டிய சுபிக்‌ஷாவை நான் பன்னிரண்டரைக்குத்தான் உள்ளே கூப்பிட முடிந்தது. அதுவரை வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்று ஏடிஎம்மில் பார்த்த பிள்ளையா இது என்று இருந்தது. கேள்வி கேட்டால் வாசலைப் பார்க்கிறாள். தலையைத் தொடு என்றால் தலையைத் தொடுகிறாள்.

டம்ளரைக் கவிழ்த்து, மணி அடிக்கும்வரை பொறுத்தால் இரண்டு சாக்லேட் என்றேன்.

"எனக்கு ரெண்டும் வேண்டாமுங் சார். நான் போறனுங்களே?"

"இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா."

"சித்தெ நேரங்கூட இருக்க முடியாதுங் சார், இப்பப் போயிட்டு நாளைக்கு வாறனுங்க."

மணிக்கு முன்னால் எழுந்து போகக் கேட்டால் பூஜ்யம் என்கிறது கையேடு. பூஜ்யம் போட்டேன். மற்ற பகுதிகளையும் முடித்துத்தான் அனுப்பினேன். மொத்தம் அறுபதுக்கு 17. குறிப்பு: "கவனம் முழுவதும் வாசலில்."

மின்சாரம் நான்குக்குப் பதில் ஒன்றரைக்கே வந்துவிட்டது. தறிகள் ஓடத் தொடங்கின. மிச்சமிருந்த மூன்று பிள்ளைகளை அந்தச் சத்தத்திலேயே சோதித்தேன் என்பதை மேடத்திடம் சொல்லவில்லை. அந்த மூன்று பேருக்குத்தான் நல்ல மதிப்பெண். அது கணக்கைக் கெடுக்கும் என்று அவர்களை "வரவில்லை" என்று போட்டுவிட்டேன்.

ஜூலை 10, புதன்

மேடம் போனில் குதூகலித்தார். "இவ்வளவு தெளிவான வித்தியாசம் நான் பார்த்ததே இல்லை பரணிதரன்! பணக்காரப் பிள்ளைங்க எல்லாம் நாற்பத்தஞ்சுக்கு மேல, இவங்க பதினேழு பேரும் இருபத்தஞ்சுக்குக் கீழ. கிராஃப் நடுவுல ஒரு லாரி போகலாம்!"

இருபத்தைந்துக்குக் கீழே வந்தவர்களின் பெற்றோருக்குக் கடிதமும், ஒரு பயிற்சி முகாமும் உண்டாம். பிள்ளைகளின் பெயர்கள் பள்ளிப் பதிவேட்டில் "சிறப்புக் கவனம்" என்ற பக்கத்துக்கு மாறுமாம்.

ஜூலை 12, வெள்ளி

குடும்ப விவரப் படிவம் நிரப்ப சுபிக்‌ஷா வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஒரு பக்கம் சித்தையன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. 82. கலாமணி இன்னும் ஷிஃப்டிலிருந்து வரவில்லை. படிவத்துக்குப் பதில் சொன்னது சுபிக்‌ஷாதான்.

"வீட்டில் குழந்தைக்குத் தனி அறை உண்டா?" என்று கத்தினேன்.

அவள் உதட்டில் விரல் வைத்தாள். பிறகு தன் வாயைக் காட்டினாள். சத்தம் வராமல் உதட்டை அசைத்தால் போதுமாம். தறிக்குள் யாரும் கத்துவதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், வீட்டிலும் அப்படியே பழகிவிட்டது. நான் சும்மா வாயை அசைத்தேன். அவள் பதிலுக்கு உதட்டை அசைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவளே பென்சிலை வாங்கிப் படிவத்தை நிரப்பினாள்.

அதற்கு நடுவே உலையில் அரிசி போட்டாள். தம்பியின் மூக்கைத் துடைத்தாள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வந்தாள். திடீரென்று தலையைத் தூக்கி, "நாலாந்தறி நின்னுருச்சு. அம்மாளுக்கு இன்னிக்கு நேரமாகுமுங்க" என்றாள். அறுபது தறி ஓடும் இரைச்சலில் ஒன்று நின்றது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அடுப்பைத் தணித்தாள்.

படிவத்தில் "திட்டமிடும் பழக்கம்" என்ற இடத்தில் என்ன எழுத என்று அவள் கேட்டாள். இல்லை என்று அவளே எழுதிக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

தறி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் மறுபடி சோதித்தேன். மேடத்துக்குத் தெரியாது. லைன் வீடுகளின் வாசலில், 83 டெசிபெல்லில், பிள்ளைகள் என் உதட்டைப் பார்க்க நான் வாயசைத்தேன். இருபது பேரில் பத்தொன்பது பேர் நாற்பதைத் தாண்டினார்கள். சுபிக்‌ஷா 56.

அந்த ஒருவனுக்குக் காய்ச்சல்.

ஜூலை 17, புதன்

விஷயம் ஈஸ்வரமூர்த்தி காதுக்குப் போய்விட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். உற்சாகமாகிவிட்டார்.

"அப்ப என்ற பையனையும் சத்தத்துல வெச்சுப் பாருங்க சார். நானும் இந்தச் சத்தத்துல பொறந்தவந்தானுங்க."

தறிக்கூட ஆபீஸில் மேஜை போட்டோம். 88. ருத்விக் இதுவரை அங்கே வந்ததே இல்லையாம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். நான் வாயசைத்தேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மதிப்பெண் 11. அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஈஸ்வரமூர்த்தி தறிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போனார்.

மாலையில் ருத்விக்கின் அம்மா மேடத்துக்குப் போன் செய்துவிட்டார்.

ஜூலை 18, வியாழன்

மேடம் பத்து நிமிடம் பேசினார். "ஒரு பிள்ளையை ரெண்டு தடவை சோதிக்கக் கூடாது. சத்தத்துல எடுத்தது எதுவுமே செல்லாது. எல்லாத்தையும் அழிச்சிடுங்க. சனிக்கிழமை முகாமுக்கு நானே வரேன்."

பதினேழு கடிதங்களும் வந்துவிட்டன. நானே வீடு வீடாகக் கொடுத்தேன். கலாமணி வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தங்கள் குழந்தைக்குக் கவனமும் காத்திருக்கும் பொறுமையும் குறைவாக உள்ளன."

"என்ற புள்ளைக்கா?" என்றாள். மறுபடி ஒருமுறை படித்தாள். "சார், இது வேற வீட்டுதுங்களா இருக்கும்."

ஜூலை 20, சனி

முகாம். சமுதாயக் கூடத்துக்கு இரண்டு பக்கமும் தறிக்கூடம். பத்து மணிக்குப் பதினேழு அம்மாக்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் பகல் ஷிஃப்டை விட்டுவிட்டு வந்தவர்கள். மேடம் பத்தரைக்கு வந்தார். மைக்கைப் பிடித்ததும் அது வீறிட்டது. அணைத்துவிட்டுக் கத்திப் பேச ஆரம்பித்தார்.

"குழந்தைகளின் கவனத்தை…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "என்ன சொல்லிட்டிருந்தேன்?" தாளைப் புரட்டினார். மறுபடி ஆரம்பித்தார். பக்கத்துக் கூடத்தில் பாவு நூலை மாற்றிக் கட்டி, நின்றிருந்த இன்னும் பத்துத் தறியை ஓட்டினார்கள். மேடம் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தாள்கள் கீழே விழுந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா அவற்றைப் பொறுக்கி, எண் பார்த்து அடுக்கிக் கொடுத்தாள்.

பதினைந்து நிமிடத்தில் மேடத்துக்கு நெற்றி வியர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார். இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. "என்ன மேடம்?" என்றேன். மறுபடி முணுமுணுத்தார். அப்போதும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பதினேழு பெண்களும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கலாமணி எழுந்தாள். மேடத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"புரியுதுங் மேடம்! நீங்க பேசுனது அத்தனையும் புரியுது. 'இதுகளுக்கு ஒண்ணும் புரியல, முடிச்சுட்டுப் போயிரலாம்'னு சொன்னீங்களே, அதுவும் புரியுது!"

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உக்காருங்க மேடம்" என்றாள் கலாமணி, இப்போது கத்தாமல். "தண்ணி குடிங்க. பழகாதவங்களுக்கு இந்தச் சத்தம் தலைய வலிக்கும்."

காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிய பிறகுதான் மேடம் பேசினார். "இங்க எப்படிப்பா மனுஷங்க யோசிக்கிறாங்க?" நான் பையிலிருந்து பதினேழு ரத்துப் படிவங்களை எடுத்தேன். கையேட்டில் விதி 19 என்று ஒன்று இருக்கிறது: குழந்தைக்குப் பழக்கமில்லாத சூழலில் சோதனை நடந்திருந்தால் அதை ரத்து செய்யலாம். நேற்று உட்கார்ந்து பதினேழையும் நிரப்பியிருந்தேன். அந்த மூன்று பிள்ளைகள் வந்திருந்தார்கள் என்பதையும் தனித் தாளில் எழுதி வைத்திருந்தேன்.

மேடம் முதல் படிவத்தைப் பார்த்தார்.

"சூழல் விலகலுக்கான காரணம்னு இருக்கிற இடத்துல 'அமைதி'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"இதை வெளியில யார்கிட்டயாவது காட்ட முடியுமா?"

நான் பேனாவைத் திறந்து நீட்டினேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பதினேழிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு, இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது என்றும், ஆய்வு வேறு ஊருக்கு, கொஞ்சம் அமைதியான ஊருக்கு, மாறுகிறது என்றும் சொன்னார்.

இந்துமதி போன் செய்தாள். முகாம் நன்றாக நடந்தது என்றேன்.

ஜூலை 22, திங்கள்

பதிவேட்டின் "சிறப்புக் கவனம்" பக்கத்தைக் குருநாதன் சார் என் முன்னாலேயே அடித்துவிட்டார். ரத்துக் கடிதங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியாகக் கலாமணி வீடு.

படித்துப் பார்த்தாள். மடித்தாள். "அப்ப சனிக்கிழமை எங்களுக்குப் போன ஷிஃப்ட்டுக்கு எதாச்சும் படிவம் இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"சரி போகுது." கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் செருகினாள். "ஆனா சார், அன்னிக்கு அவள ஏன் அத்தன நேரம் உக்கார வெச்சீங்க?"

"என்னைக்கு?"

"கரண்ட் போன அன்னிக்கு. நான் பகலு, இவ அப்பன் ராத்திரி. ஒருத்தர் வர ஒருத்தர் போவோம். மாசத்துக்கு அந்த ஒரு நாளுதான் நாலு பேரும் ஒட்டுக்கா இருக்கறது. குளத்துக்குப் போலாம்னு அவங்கப்பன் சொல்லியிருந்தாரு. பதினொரு மணிக்கு அவரு எந்திரிச்சதும் துண்டு எல்லாம் எடுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தோம். அவ வந்தா போலாம்னு. அவ ஒரு மணிக்கு வந்தா. சோறு உண்டு போட்டுக் கிளம்பலாம்னா கரண்ட் வந்துருச்சு. எனக்கு ஆள் வந்துருச்சு கூப்பிட."

சுபிக்‌ஷா தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீங்க இருக்கச் சொன்னீங்களே சார்."

காத்திருக்கும் திறன் என்ற கட்டத்தில் அவளுக்கு நான் போட்டது பூஜ்யம். ரத்தாகிவிட்ட தாள்தான். இருந்தாலும் இரவு பையிலிருந்து எடுத்து அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது இந்துமதிக்கு முந்தாநாள் தெரிந்துவிட்டது. அவளே மூன்று இடத்துக்கு விண்ணப்பம் தயார் செய்து மேஜைமேல் வைத்துவிட்டு ஆபீஸ் போனாள். தபாலில் சேர்க்க வேண்டும்.

பேப்பரில் நாளைய மின்தடைப் பட்டியலில் கருக்கம்பாளையம் இருந்தது. என்ன தோன்றியதோ, குருநாதன் சாரைப் போனில் கூப்பிட்டேன். நாளைக்கு சுபிக்‌ஷாவுக்கு எப்படியாவது விடுமுறை கொடுத்துவிட முடியுமா, காய்ச்சல் என்று ஏதாவது போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள லீவ் லெட்டர் குடுத்து இருபது நாளாச்சுங்களே சார்!" என்று கத்தினார்.

"இருபது நாள் முன்னாடியே நாளைக்கு மின்தடைன்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்?"

"மாசாமாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமைதான் நிறுத்தறாங்களாமா. காலண்டர்ல எண்ணிப் பாத்திருக்கறா. நானே இத்தன வருசமா கவனிச்சதில்லீங்க. இருங்க, படிக்கறேன்."

மேஜை டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டது. தறிகளின் இரைச்சலுக்கு மேலே, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"ஐயா, ஆகஸ்ட் மாதம் பதிமூன்றாம் தேதி எங்கள் ஊரில் மின்தடை. அன்று என் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருப்பார்கள். எனவே எனக்கு ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மின்சாரம் சீக்கிரமாக வந்துவிட்டால் நானும் பள்ளிக்கு வந்துவிடுகிறேன்."